தறி நெசவாளருடையது, பாவு யாருடையது?

ஆரணியை ஒட்டிய சேவூரில் நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தறிதான். வீட்டின் கூடத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொண்டிருக்கும். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு ஒருவர் மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் புத்தகப் பையும் மிச்சமுள்ள இடத்தில் ஒண்டிக்கொள்ளும். தறி அவர்களுடையது. அதில் ஏறியிருக்கும் பாவு (நீளவாக்கு இழை) பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. ஊடைப் பட்டும், சரிகையும், ஜக்கார்டு அட்டையில் குத்தியிருக்கும் டிசைனும் பாவு கொடுத்த முதலாளிக்குச் சொந்தம். புடவையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி கிடைக்கும். அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கும்.

ஏற்றத்தாழ்வு என்றதும் நாம் சம்பளத்தையும் கூலியையும் பற்றித்தான் பேசுகிறோம். அவருக்கு இவ்வளவு வருகிறது, இவருக்கு இவ்வளவுதான் வருகிறது என்பது எளிதில் கண்ணில் படும் வித்தியாசம். ஆனால், சேவூர்த் தெருவில் முதலாளிக்கும் நெசவாளருக்கும் உள்ள தூரம் முதலில் சொத்தில் தொடங்குகிறது. பட்டும் சரிகையும் வாங்கிப் போட்டு, புடவை விற்றுப் பணம் வரும்வரை காத்திருக்கத் தெம்புள்ளவர் கூலியை முடிவு செய்கிறார். அடுத்த வார அரிசிக்குக் காத்திருப்பவர் அந்தக் கூலியை ஏற்றுக்கொள்கிறார். நாற்பது ஆண்டு அனுபவமும், பிசகாமல் கரை சேர்க்கும் கைத்திறனும் பேரம் பேச உதவுவதில்லை. இந்த ஊரில் பாவு கொடுப்பவர்களில் பலரும் பெரும் செல்வர்கள் அல்ல. அவர்களும் பெரிய ஜவுளிக் கடைகளுக்குச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள்தான். ஏணியின் ஒவ்வொரு படியிலும் காத்திருக்க முடிந்தவரே விலையை முடிவு செய்கிறார். ஏணியின் அடியில் இருப்பவர் நெசவாளர்.

நூறு பேர், நூறு புடவை

இந்த ஏணியை நாட்டின் அளவுக்கு நீட்டிப் பார்ப்போம். தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் சார்பில் 2024 மார்ச்சில் இந்தியாவைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். 2022-23 நிலவரப்படி, நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதம் உச்சியிலுள்ள 1 சதவீதத்தினருக்குப் போகிறது. சொத்தில் அவர்கள் பங்கு 40.1 சதவீதம். மக்களில் கீழ்ப் பாதிப் பேரிடம் இருக்கும் சொத்து 6.4 சதவீதம்தான்.

நூறு பேர் இருக்கும் ஊரில் நூறு பட்டுப்புடவைகளைப் பங்கிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒருவர் நாற்பதை எடுத்துக்கொண்டு போகிறார். ஐம்பது பேர் ஆறு புடவைகளை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். மீதமுள்ளவற்றை நடுவில் இருக்கும் நாற்பத்தொன்பது பேர் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த நூறையும் நெய்தவர்கள் எந்தக் கூட்டத்தில் நிற்பார்கள் என்று சேவூரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தியாவின் வரித் தரவுகளிலும் சொத்துக் கணக்கெடுப்புகளிலும் ஓட்டைகள் உண்டு என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால், அந்த ஓட்டைகளில் மறைந்திருப்பது பெரும்பாலும் பெரிய சொத்துகள்தான்.

கீழே இருப்பவர்களின் நிலையை அரசின் கணக்கே சொல்கிறது. 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம் பேர். பத்தாண்டுகளுக்கு முன்பு அவர்கள் 43.31 லட்சம். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. குடும்பம் முழுவதும் சேர்ந்து உழைத்துக் கிடைக்கும் தொகை அது.

ஐந்தில் ஒரு பங்கு

இந்தப் பின்னணியில் தமிழ்நாட்டின் நலத்திட்டங்களைப் பார்க்க வேண்டும். அவற்றை ‘இலவசம்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர், 5,000 ரூபாயில் ஒரு மாதம் குடும்பம் நடத்திப் பார்க்காதவர்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று, நெசவாளர்களின் ஊரான காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. முதலில் பட்டியலில் இடம்பெற்றவர்கள் ஒரு கோடியே 6 லட்சம் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். 5,000 ரூபாய் வருமானமுள்ள வீட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. கடையில் பாக்கி வைக்காமல் இருப்பதற்கும், பிள்ளையின் காய்ச்சலை மூன்றாம் நாள்வரை தள்ளிப்போடாமல் இருப்பதற்கும் அது போதும்.

அதற்கு ‘உரிமை’ என்று பெயர் வைத்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கைத்தறித் தொழிலாளர்களில் 72 சதவீதம் பேர் பெண்கள். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவது என்று தறியைச் சுற்றி நடக்கும் வேலையில் பாதிக்கு மேல் அவர்களுடையது. ஆனால், புடவைக்குக் கூலி எழுதும் நோட்டில் பெரும்பாலும் ஒரு பெயர்தான் இருக்கும், அதுவும் ஆணின் பெயர். அரசு தரும் ஆயிரம் ரூபாய் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் வருவது, நோட்டில் எழுதப்படாத உழைப்புக்குக் கிடைத்த சிறிய அங்கீகாரம்.

காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு, ரேஷன் அரிசி, அரசு மருத்துவமனை, கட்டணமில்லாப் பேருந்து என்று தமிழ்நாடு மூன்று தலைமுறைகளாக ஒரு மறுபங்கீட்டைச் செய்துவந்திருக்கிறது. நெசவாளரின் பிள்ளை பசியோடு வகுப்பில் உட்காருவதில்லை என்பது சாதாரணச் சாதனை இல்லை.

ஆனால், கணக்கை முழுதாகப் படிக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கை அரசு கூட்டிக் கொடுத்தது. கூலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாவு இன்னமும் வேறொருவருடையது. நாம் பசியோடு போராடினோம், பெருமளவு வென்றோம். சொத்து யாரிடம் சேர்கிறது என்ற கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டோம்.

மின்சாரச் சலுகையைப் பாருங்கள். 2023 மார்ச்சில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 750 யூனிட்டாக இருந்தது 1,000 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டன. இரண்டும் நல்ல நோக்கமுடையவை. விசைத்தறி ஓட்டுபவரும் ஏழைதான். ஆனால், கைத்தறி மின்சாரத்தில் ஓடுவதில்லை. நெசவாளருக்கு அது விளக்குக்கும் மின்விசிறிக்கும் உதவும். அவர் கூலியை உயர்த்தாது. விசைத்தறியில் ஓடி, கைத்தறி என்ற பெயரில் கடைக்கு வரும் புடவை அந்தக் கூலியை இறக்கிவிடும். சலுகையை இரு கைகளாலும் கொடுக்கும் அரசு, இந்த ஏமாற்றைத் தடுக்கும் சட்டத்தை மட்டும் தளரவிட்டிருக்கிறது.

கெஜத்துக்கு 3 தம்பிடி

இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1950களின் தொடக்கத்தில் ஆலைத் துணியின் போட்டியில் கைத்தறி தவித்தபோது அன்றைய அரசியல் அதைத் தன் மையப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. வேட்டியையும் புடவையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று சென்னை மாநில முதல்வராக இருந்த ராஜாஜி வாதாடினார். எதிர்முகாமில் இருந்த அண்ணா, 1953இல் திருச்சி வீதிகளில் கைத்தறித் துணியை விற்றார். எதிரெதிராக நின்ற இருவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள்.

அதே 1953இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆலைத் துணி மீது கெஜத்துக்கு 3 தம்பிடி (அன்றைய சில்லறைக் காசு) கூடுதல் வரி. அந்தப் பணம் கதருக்கும் கைத்தறிக்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்ததற்கும், தள்ளுபடி விற்பனை பரவியதற்கும் அந்த நிதி பெரிய ஊன்றுகோல். வாங்குபவருக்கு மூன்று தம்பிடி தெரியாது. ஆலைக்கும் அது பெரிய சுமையில்லை. தறிக்கோ அது முதலீடு. ஓரிடத்தில் குவியும் வளத்தில் சிறு துளியை எடுத்து, நலிந்தவரின் தொழிலுக்கே மூலதனமாகக் கொடுத்தது அந்த ஏற்பாடு. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் வலுவாக வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

அதே பத்தாண்டில் மேல்தட்டுச் சொத்துக்கும் வரி வந்தது. 1953இல் இறந்தவர் விட்டுச்செல்லும் பெரும் சொத்துக்கான வரி. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டாரின் பரிந்துரையைத் தொடர்ந்து 1957இல் செல்வ வரி. அதைக் கொண்டுவந்த நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி சென்னைக்காரர், தொழிலதிபரும்கூட.

பிறகு 1985 வந்தது. அந்த ஓராண்டில் எடுத்த இரண்டு முடிவுகளைச் சேர்த்துப் படித்தால் இன்றைய சேவூர் புரியும். வாரிசுச் சொத்து வரி அந்த ஆண்டு நீக்கப்பட்டது. வசூல் குறைவு, வழக்குகள் மிகுதி என்பது காரணம். அதே ஆண்டில்தான் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டமும் நிறைவேறியது. பட்டுப்புடவை உள்ளிட்ட 22 ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்றது அதன் கீழ் வந்த ஆணை. விசைத்தறித் தரப்பு வழக்குப் போட்டது. 1993இல்தான் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதற்குள் விசைத்தறி எங்கும் பரவிவிட்டது. 22 ரகங்கள் 11 ஆகச் சுருங்கின. பெரும் சொத்துக்குக் கிடைத்த விடுதலை உடனே நடைமுறைக்கு வந்தது. நெசவாளருக்குக் கிடைத்த பாதுகாப்போ நீதிமன்றப் படியேறி, பாதியாகித் திரும்பியது.

அதற்குப் பின்னும் பயணம் அதே திசையில்தான். 2015 பட்ஜெட்டில் செல்வ வரி நீங்கியது. 2013-14இல் நாடு முழுவதும் அது ஈட்டியது வெறும் 1,008 கோடி ரூபாய் என்று காரணம் சொல்லப்பட்டது. வசூலிக்க முயலாத வரி வசூலாகவில்லை என்பதே அதை ஒழிக்கக் காரணமானது. அதற்குப் பதிலாக ஒரு கோடிக்கு மேல் வருமானமுள்ளோர் மீது 2 சதவீதக் கூடுதல் கட்டணம் விதித்தார்கள். கூடுதல் கட்டணத்தை ஒன்றிய அரசு மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. அதாவது, உரிமைத் தொகையையும் காலை உணவையும் கொடுக்கும் மாநிலத்துக்கு அதில் பங்கில்லை. 2019 செப்டம்பரில் பெருநிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமானது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே மதிப்பிட்டது. மறு ஆண்டு ஜூலையில், கரோனாவால் திருமணங்கள் நின்று தறிகள் ஓய்ந்து கிடந்த நேரத்தில், நெசவாளர்களின் குரல் அரசை எட்ட வழியாக இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது.

மூன்று மறுப்புகள்

சொத்துக்கு வரி என்றதும் மூன்று மறுப்புகள் எழும். மூன்றையும் மதித்தே பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, பணக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்பது. 1973-74இல் இந்தியாவில் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். அப்படிப்பட்ட வரி மறைப்பதற்கே தூண்டும். அந்தத் தவறுக்குத் திரும்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிக்கெட்டி குழுவின் யோசனை 10 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீத வரி, அதே அளவுக்கு மேற்பட்ட வாரிசுச் சொத்துக்கு 33 சதவீத வரி. இதன் வரம்புக்குள் வருவோர் வயதுவந்தவர்களில் 0.04 சதவீதம் பேர். கிடைப்பது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 2.73 சதவீதம் என்பது அவர்கள் கணக்கு. விகிதத்தில் பாதியைக் குறைத்தாலும், வசூலில் பாதி கசிந்தாலும் அது பெருந்தொகை. வாரிசுச் சொத்துக்கு ஜப்பானில் உச்ச வரி 55 சதவீதம், தென்கொரியாவில் 50 சதவீதம். சாம்சங் தலைவர் 2020இல் இறந்தபோது, அவர் வாரிசுகள் 12 லட்சம் கோடி வோனுக்கு மேல் வரி கட்ட ஒப்புக்கொண்டார்கள். சாம்சங் கொரியாவை விட்டு ஓடிவிடவில்லை. சேவூரிலிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் ஆலையையும் மூடிவிடவில்லை.

இரண்டாவது, உதவி கொடுத்தால் உழைப்பு குறையும் என்பது. விடிவதற்கு முன்பே தறிச் சத்தம் கேட்கும் தெருவில் நின்று இதைச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்றால்தான் இங்கே ஓய்வு. அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது.

மூன்றாவது, கைத்தறியே அழியும் தொழில், அதில் ஏன் மக்களைக் கட்டிவைக்க வேண்டும் என்பது. இது கனமான கேள்வி. செய்யாறு சிப்காட் காலணி ஆலைக்குப் பேருந்து ஏறும் நெசவாளர் வீட்டுப் பெண்ணை யாரும் தடுக்கக் கூடாது. அவளுக்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் தெரிகின்றன. தறியில் அவை இல்லை. ஆனால், ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. திருமணத்துக்குப் பட்டு வாங்காத வீடு தமிழ்நாட்டில் அரிது. வாங்குபவர் கொடுக்கும் விலையில் நெசவாளருக்குச் சேரும் பங்குதான் சிறியது. விரும்பிப் போவதும், கூலி கட்டுப்படியாகாமல் துரத்தப்படுவதும் ஒன்றல்ல.

பாவை உடைமையாக்கும் வழி

என்ன செய்யலாம்? முதலில், கூட்டுறவுச் சங்கங்களுக்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும். சங்கத் தறியில் பாவு சங்கத்துடையது, சங்கம் உறுப்பினருடையது. அந்த எளிய உண்மையில்தான் அதன் வலிமை. தேங்கிய சரக்கும், தாமதமாக வரும் தள்ளுபடி மானியமும், நடத்தப்படாத தேர்தல்களும் பல சங்கங்களைப் பெயர்ப்பலகையாக்கிவிட்டன. காஞ்சிபுரத்தில் அரசின் தமிழ்நாடு சரிகை நிறுவனமும், பட்டு விற்கும் டான்சில்க்கும் இருக்கின்றன. சங்கத்தில் சேராமல் முதலாளியிடம் பாவு வாங்கும் பெருந்தொகையான நெசவாளர்களுக்கு இவற்றின் கதவு திறக்க வேண்டும். பத்துத் தறிக்காரர்கள் சேர்ந்தால் பட்டும் சரிகையும் கடனுக்குத் தந்து, புடவை விற்றபின் வாங்கிக்கொள்ளும் ‘பாவு நிதி’ ஒன்றை மாவட்டந்தோறும் அரசு அமைக்கலாம். காத்திருக்கும் தெம்பை நெசவாளருக்குக் கொடுப்பதுதான் அதன் நோக்கம். 2021 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அது பட்டுக்கூடு வளர்க்கும் உழவருக்குக் காப்பு. அந்த விலையேற்றத்தைத் தாங்கும் தோள் நெசவாளருக்கும் வேண்டும்.

இரண்டாவது, கூலிக்குச் சாட்சி வேண்டும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. வீட்டுத்தறி நெசவாளருக்கோ காகிதத்தில் முதலாளியே இல்லை. பாவு கொடுக்கும்போதே கூலியும் கால அளவும் எழுதி இருவரும் கையெழுத்திடும் அட்டையைக் கட்டாயமாக்கலாம். அதில் தார் சுற்றும் பெண்ணின் பெயரும் இருக்கட்டும். கைத்தறி முத்திரை உள்ள ஒவ்வொரு புடவையிலும், விலைக்குப் பக்கத்தில் நெய்த கூலியையும் அச்சிடலாம். வாங்குபவர் பார்க்கட்டும். ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தை அமலாக்கும் பிரிவுக்கு ஆட்களும் அதிகாரமும் வேண்டும்.

மூன்றாவது, இதற்கான பணம். அது ஏற்கெனவே மெலிந்த மாநில பட்ஜெட்டைச் சுரண்டி வரக் கூடாது. பெரும் சொத்துக்கும் வாரிசுச் சொத்துக்கும் உயர்ந்த வரம்பு வைத்து ஒன்றிய அரசு வரி விதிக்க வேண்டும். அதைக் கூடுதல் கட்டணமாக அல்லாமல், மாநிலங்களோடு பகிரும் வரியாகவே விதிக்க வேண்டும். செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் ஓரிடத்தில் குவியாதவாறு பொருளாதாரத்தை நடத்தச் சொல்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 39ஆம் கூறு. 1953இல் கெஜத்துக்கு 3 தம்பிடியாக அதை நாம் செயலில் காட்டியிருக்கிறோம்.

வாரிசுரிமை என்பது பணக்கார வீட்டு விஷயம் என்று நினைக்கிறோம். சேவூரிலும் வாரிசுரிமை உண்டு. தகப்பனிடமிருந்து மகனுக்குத் தறி வரும். கரை சேர்க்கும் நுணுக்கம் வரும். முதுகுவலி வரும். முதலாளியிடம் தகப்பன் வாங்கிய முன்பணத்தின் பாக்கியும் வரும், அது தீரும்வரை வேறு இடத்தில் பாவு வாங்க முடியாது என்ற கட்டும் கூடவே வரும். பெருநகரத்து மாளிகையில் அதே நாளில் ஆயிரம் கோடிப் பங்குகள் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு ஒரு ரூபாய் வரியில்லாமல் கைமாறும். கடன் வாரிசு வழி இறங்குவதை ஏற்கும் நாடு, செல்வம் வாரிசு வழி இறங்கும்போது அதில் ஒரு பங்கு கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. அந்தப் பங்கில் சேவூர்த் தறிகளுக்குச் சொந்தப் பாவு ஏறட்டும்.